பருத்தி, லினன், கம்பளி, பட்டு: நனைத்துப் பார்த்தால்தான் குணம் தெரியும்

மென்மைக்கு இத்தனை, உழைப்புக்கு இத்தனை என்று நான்கு இழைகளுக்கும் மதிப்பெண் போடும் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. போட்டி உண்மையில் இரண்டு அணிகளுக்கு இடையில்தான். பருத்தியும் லினனும் செடி தருபவை, இரண்டும் செல்லுலோஸ். கம்பளியும் பட்டும் ஆடும் புழுவும் தருபவை, இரண்டும் புரதம். ஒரு துணி எந்த அணி என்று தெரியவில்லையா? ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு மளமளவென்று எரிந்து, மெல்லிய சாம்பல் விழுந்தால் செடி. முடி கருகும் நாற்றம் வந்து, தீயை விலக்கியதும் தானே அணைந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும் கருப்பு உருண்டை மிஞ்சினால் புரதம்.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்றால், நனைந்ததும் இரண்டு அணிகளும் நேர் எதிராக நடந்துகொள்ளும். பருத்திக்கும் லினனுக்கும் ஈரத்தில் பலம் கூடும். கம்பளியும் பட்டும் ஈரத்தில் பத்து முதல் இருபது சதவீதம் வரை பலம் இழக்கும். அடித்துத் துவைப்பதையும் முறுக்கிப் பிழிவதையும் பருத்தி தாங்குவதற்கும் பட்டு தாங்காததற்கும் இதுவே முதல் காரணம். அடுத்த காரணம் காரம். காஸ்டிக் சோடாவின் 5 சதவீதக் கரைசலில் கம்பளியைக் கொதிக்கவிட்டால் சில நிமிடங்களில் கரைந்தே போகும். அதே காஸ்டிக் சோடா பருத்திக்கு ஊட்டம். அதில் முக்கினால் பருத்தி உப்பி, பலமும் சாயப்பிடிப்பும் கூடுவதைக் கண்டு 1850இல் காப்புரிமை பெற்றார் இங்கிலாந்தின் ஜான் மெர்சர். பிற்பாடு இழுத்துப் பிடித்தபடி முக்கினால் பளபளப்பும் வரும் என்று தெரிந்தது. மெர்சரைஸ்டு நூல் என்று இன்று விற்பது அதுதான்.

செடி அணிக்குள் பருத்தியின் கதை சுருக்கம். விதையின் மேல் முளைத்த முடிதான் அது. ஒவ்வொரு முடியும் ஒரே ஒரு செல். காய் வெடித்து உலரும்போது அந்தக் குழாய் தட்டையாகித் தானே முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கால்தான் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் நீளமே உள்ள பஞ்சும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நூலாகிறது. கொட்டை நீக்கி, சிக்கெடுத்து, நூற்றால் முடிந்தது. வேலை குறைவு, தண்ணீர்ச் செலவு அப்படியல்ல. 1960களிலிருந்து மத்திய ஆசியாவின் அமு தர்யா, சிர் தர்யா நதிகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பியதில் ஏரல் கடல் வற்றிப்போனதை உலகமே பார்த்தது.

லினனில் வேலை முழுக்க அறுவடைக்குப் பிறகுதான். லினன் நாரைத் தரும் ஆளிச் செடி சுமார் 100 நாளில் தயாராகிவிடும். அதை அறுக்காமல் வேரோடு பிடுங்குவார்கள். நார் தண்டின் முழு நீளத்துக்கும் ஓடுவதால் ஒரு விரற்கடைகூட வீணாக்க மனம் வராது. பிடுங்கியதை வயலிலேயே பரப்பிச் சில வாரம் விட்டுவிட வேண்டும். பனியிலும் மழையிலும் நனைந்த தண்டில் பூஞ்சை ஏறி, நாரைத் தண்டோடு ஒட்டவைத்திருக்கும் பெக்டினைத் தின்னும். குறைவாக ஊறினால் நார் பிரியாது. அதிகமானால் நாரே மக்கிவிடும். எப்போது எடுப்பது என்பது, தண்டை ஒடித்து நார் கழன்று வருகிறதா என்று பார்க்கும் கைக்குத்தான் தெரியும். லினனின் சாம்பல் நிறமும் அந்தப் பூஞ்சையின் கைவரிசையே. பெல்ஜியத்தில் லெய் ஆற்றில் கட்டுக் கட்டாக ஊறப்போட்ட காலமும் உண்டு. வெளிர் மஞ்சளில் அருமையான நார் கிடைத்தது, ஆறு நாறியது.

உடுத்தும்போது லினன் வியர்வையை இழுத்துக்கொண்டு பருத்தியைவிடச் சீக்கிரம் காயும். விறைப்பாக இருப்பதால் உடம்போடு ஒட்டாது. புழுக்கத்தில் எனக்கு லினன்தான். ஆனால் நார் இரண்டு, மூன்று சதவீதத்துக்கு மேல் நீளாது. அதனால் உட்கார்ந்து எழுந்தாலே கசங்கும். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் வைத்தால் அந்தக் கோட்டிலேயே இற்றுப்போகும். அடிக்கடி மடிப்பை மாற்றுங்கள். இஸ்திரி போடுவதானால் ஈரம் இருக்கும்போதே போடுங்கள்.

கம்பளியின் சூட்சுமம் அதன் மேற்பரப்பில். ஒவ்வொரு இழையின் மேலும் ஓடு வேய்ந்த கூரைபோல நுண்செதில்கள் நுனியை நோக்கி அடுக்கியிருக்கும். வேரின் திசையில் எளிதாக நகரும் இழை, எதிர்த் திசையில் நகராது. ஈரமும் சூடும் குலுக்கலும் சேர்ந்தால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் முன்னேறும், பின்வாங்காது. அப்படிச் சிக்கியதைப் பிரிக்க வழியே இல்லை. பெரியவருக்குப் பின்னிய ஸ்வெட்டர் குழந்தைக்கு ஆவது இப்படித்தான். வெந்நீரை மட்டும் குற்றம் சொல்வது அரைகுறை. மெஷினில் போடலாம் என்று விற்கும் ‘சூப்பர்வாஷ்’ கம்பளியில் பெரும்பாலும் குளோரினால் செதில் விளிம்பைக் கரைத்து, மேலே பாலிமர் பூசியிருப்பார்கள். மற்றபடி கம்பளியை அடிக்கடி துவைக்கவே தேவையில்லை. காற்றாட விட்டாலே வாடை போய்விடும். தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நீராவியை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாது. பயணத்துக்கு இதற்கு ஈடு கிடையாது.

பட்டுக்கு அந்தச் செதில் இல்லை, அதனால் சிக்காது. ஒரே கூட்டிலிருந்து கிலோமீட்டரை நெருங்கும் இழை அறுபடாமல் வரும். முக்கோண வெட்டுமுகத்தால் ஒளி சிதறி மின்னும். இழையைச் சுற்றியுள்ள செரிசின் பசையை நீக்கும்போது எடையில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்ட 19ஆம் நூற்றாண்டு வியாபாரிகள் பட்டில் வெள்ளீய உப்பை ஏற்றினார்கள். அந்த உடைகள்தான் இன்று அருங்காட்சியகப் பெட்டிகளில் யாரும் தொடாமலே கிழிகின்றன. உப்பு ஏற்றாத பட்டுக்கும் வெயிலும் வியர்வையும் ஆகாது. உடுத்திய சூட்டோடு அலசிவிட்டு நிழலில் உலர்த்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு நான் பட்டைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கம்பளி, பட்டு இரண்டுக்கும் காரம் இல்லாத திரவ சோப்பு போதும். குளோரின் பிளீச் வேண்டவே வேண்டாம். கறை நீக்கும் என்சைம் கலந்த தூளையும் தவிருங்கள். புரதக் கறையைத் தின்கிற என்சைமுக்கு இழையும் புரதம்தான். ஈரக் கம்பளியைக் கொடியில் தொங்கவிட்டால் தன் பாரத்திலேயே நீண்டுவிடும். துண்டின் மேல் பரப்பிக் காயவையுங்கள். கலப்புத் துணி என்றால் பலவீனமான இழைக்குத் தக்கபடி துவைக்க வேண்டும்: பருத்தியில் பத்து சதவீதம் பட்டு இருந்தாலும் அது பட்டுதான்.

அந்துப்பூச்சியின் புழுவும் புரத அணியைத்தான் தேடி வரும், அதிலும் முக்கியமாகக் கம்பளியை, அதிலும் அழுக்கோடு மடித்து வைத்ததை. அந்துருண்டை போடுவதற்கு முன் துவைத்து வையுங்கள். புழு ஏற்கெனவே ஏறியிருந்தால் துணியைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் விட்டு எடுங்கள்.