தண்டர்பேர்ட்: எச்சரிக்கை சரிதான், அந்தப் பொத்தான்தான் சரியில்லை

புதுச்சேரி, கடலூர் பக்கம் சொந்த டொமைனில் மெயில் வைத்திருக்கும் சிறிய ஆபீஸ்கள் ஏராளம். பண்ருட்டி முந்திரி ஏற்றுமதிக்காரர்களும், சிப்காட்டுக்கு உதிரிபாகம் கொடுப்பவர்களும், ஒயிட் டவுனில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துபவர்களும் ஏதோ ஒரு ஷேர்டு ஹோஸ்டிங்கில் (ஒரே சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் சேவை) வருடச் சந்தா கட்டி, ஆபீஸ் கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் தண்டர்பேர்டைப் போட்டுக்கொள்கிறார்கள். மெயில் புரோகிராமாக அதில் பெரிய குறை இல்லை. மெயில் சர்வர் தான் யாரென்று காட்ட நீட்டும் டிஜிட்டல் அடையாள அட்டைதான் சான்றிதழ். ‘இந்தச் சான்றிதழை நம்ப முடியாது’ என்று திடீரென்று ஒரு ஜன்னல் திறக்கும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

அந்த ஜன்னலுக்குப் பாதி பாராட்டு, பாதி திட்டு. என்ன கோளாறு என்று பிரித்துச் சொல்வதற்குப் பாராட்டு. ‘ராங் சைட்’ என்றால் பெயர் பொருந்தவில்லை. ‘அன்நோன் ஐடென்டிட்டி’ என்றால் சான்றிதழ் கொடுத்தவரைத் தெரியாது. ‘அவுட்டேட்டட் இன்ஃபர்மேஷன்’ என்றால் தேதி இடிக்கிறது. இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. திட்டு எதற்கென்றால், கீழே இருக்கும் ‘கன்ஃபர்ம் செக்யூரிட்டி எக்ஸெப்ஷன்’ பொத்தானுக்கு. பக்கத்தில் ‘நிரந்தரமாக வைத்துக்கொள்’ என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் வேறு போட்டிருக்கிறது. ஷிப்மென்ட் பேப்பர் அனுப்பும் அவசரத்தில் இருப்பவர் அதைத்தான் அழுத்துவார். அழுத்த வேண்டியது, சான்றிதழைத் திறந்து காட்டும் ‘வியூ’.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பெயர்ப் பொருத்தத்தை. அக்கவுன்ட் செட்டிங்ஸில் சர்வர் பெயராக ‘மெயில்’ என்ற முன்னொட்டோடு உங்கள் டொமைன் இருக்கும். எதிர்முனையில் இருக்கும் இயந்திரமோ ஹோஸ்டிங் கம்பெனியின் சொந்தப் பெயருக்கு வாங்கிய சான்றிதழை நீட்டும். ‘வியூ’வில் ‘சப்ஜெக்ட் ஆல்ட் நேம்ஸ்’ என்ற பகுதியைப் பாருங்கள். அந்தச் சான்றிதழ் எந்தெந்தப் பெயருக்குச் செல்லும் என்று அங்கே இருக்கும். அதில் உள்ள பெயரும், ஹோஸ்டிங்காரர் சந்தா கட்டியபோது அனுப்பிய விவரத்தில் உள்ள சர்வர் பெயரும் ஒன்றாக இருந்தால், அதையே சர்வர் நேமில் போட்டுவிடலாம். இன்கமிங்கில் மாற்றிவிட்டு அவுட்கோயிங்கை மறந்தால் மெயில் வரும், போகாது. எஸ்எம்டிபி அமைப்பு, அதாவது மெயில் அனுப்பும் அமைப்பு, இடதுபக்கப் பட்டியலின் அடியில் தனியாகக் கிடக்கிறது, கண்ணில் படாது. போர்ட் எண்கள்: மெயில் வாங்கும் முறைகளில் ஐமேப்புக்கு 993, பாப்புக்கு 995; அனுப்ப 465. அனுப்புவதற்கு ஸ்டார்ட்-டிஎல்எஸ் என்ற பாதுகாப்பு முறையைத் தேர்ந்தால் 587.

ஹோஸ்டிங்கைக் கையாளும் சிபேனல் என்ற கட்டுப்பாட்டுப் பக்கம் இருந்தால் இன்னும் நல்ல வழி உண்டு. ‘எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் ஸ்டேட்டஸ்’ பக்கத்தில் ‘மெயில்’ என்று தொடங்கும் பெயருக்கும் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால், தானாகச் சான்றிதழ் வாங்கிப் போடும் ஆட்டோ எஸ்எஸ்எல்லை ஓடவிடலாம். வெப்சைட்டை வேறு இடத்துக்கு மாற்றியவர்களுக்கு இது தோற்கலாம். டொமைன் பெயருக்கு எந்த ஐபி முகவரி என்று சொல்லும் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயர் இப்போது வேறு ஐபியைக் காட்டினால் சரிபார்ப்பு நடக்காது. முதலில் டிஎன்எஸ்ஸைத் திருத்த வேண்டும்.

‘அன்நோன் ஐடென்டிட்டி’தான் ஆளைச் சுற்றவிடும். ‘அவுட்லுக்கில் ஒன்றும் சொல்லவில்லையே, இதில் மட்டும் ஏன்?’ என்ற கேள்வி இங்கேதான் வரும். சர்வர் தன் சான்றிதழோடு, அதற்குக் கையெழுத்திட்ட இடைநிலைச் சான்றிதழையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் விண்டோஸ் அதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும், அதனால் அவுட்லுக் வாயைத் திறக்காது. தண்டர்பேர்ட் அப்படித் தேடிப் போகாது. கோளாறு சர்வரில்தான், தண்டர்பேர்டைக் குறை சொல்லிப் பயனில்லை. சொந்தமாக லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்கள், மெயில் சர்வர் மென்பொருள்களான டவ்காட், போஸ்ட்ஃபிக்ஸ் இரண்டிலும், சர்வரின் சான்றிதழ் மட்டும் உள்ள ‘செர்ட்’ கோப்பை எடுத்துவிட்டு, இடைநிலையும் சேர்ந்த ‘ஃபுல்செயின்’ கோப்பைக் காட்டினால் முடிந்தது. சர்வரின் சான்றிதழைச் சோதிக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையன்ட் கட்டளையை 993 போர்ட்டுக்கு விட்டுப் பார்த்தால், கடைசியில் வெரிஃபை ரிட்டர்ன் கோடு 0 வர வேண்டும். 20, 21 வந்தால் சான்றிதழ்களின் சங்கிலி இன்னும் அறுந்துதான் இருக்கிறது.

அதே எச்சரிக்கைக்கு ஆன்டிவைரஸும் காரணமாகலாம். ‘வியூ’வில் ‘இஷ்யூயர்’ என்ற இடத்தில் உங்கள் ஆன்டிவைரஸின் பெயரே இருந்தால், அது நடுவில் புகுந்து மெயிலைப் பிரித்துப் பார்க்கிறது என்று அர்த்தம். தண்டர்பேர்ட் முதலில் நம்புவது மொஸில்லாவின் பட்டியலைத்தான்; விண்டோஸில் தனியாகப் பதிந்த சான்றிதழ்களை எல்லாப் பதிப்புகளும் தானாக எடுத்துக்கொள்ளாது. அதனால் விண்டோஸில் மட்டும் பதிந்த ஆன்டிவைரஸ் சான்றிதழ் இதற்கு அந்நியமாக இருக்கலாம். ஆன்டிவைரஸில் மெயிலின் எஸ்எஸ்எல் ஸ்கேனிங்கை மட்டும் அணைத்தால் போதும். ஆன்டிவைரஸையே கழற்றி எறிவது தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை.

தேதிக் கோளாறில் முதலில் டாஸ்க்பாரில் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி செத்திருந்தால், கரன்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அப்போது பிரவுசரிலும் எல்லாத் தளமும் கத்தும். மெயில் மட்டும் கத்துகிறது என்றால் சான்றிதழ் உண்மையிலேயே காலாவதி. இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழின் வழக்கமான ஆயுள் 90 நாள். தானாகப் புதுப்பித்தாலும், டவ்காட்டையும் போஸ்ட்ஃபிக்ஸையும் ரீலோட் செய்யும் வரி, சான்றிதழைப் புதுப்பிக்கும் செர்ட்பாட் புரோகிராமின் டெப்ளாய் ஹூக்கில் (புதுப்பித்ததும் ஓடும் கட்டளை) இல்லையென்றால் அவை பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும். இனி இந்தத் தொல்லை குறையாது. பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டன.

அந்த ‘நிரந்தர’ விதிவிலக்கு எவ்வளவு நிரந்தரம் என்று இதிலிருந்தே தெரியும். அது சர்வர் பெயர், போர்ட், அந்தக் குறிப்பிட்ட சான்றிதழின் கைரேகை மூன்றோடும் கட்டப்பட்டது. 993க்குக் கொடுத்தது 465க்குச் செல்லாது. சான்றிதழ் மாறியதும் மறுபடி கேட்கும். கேட்கக் கேட்க அழுத்திப் பழகிய கைக்கு, ஒருநாள் உண்மையிலேயே யாரோ நடுவில் நிற்கும்போதும் வித்தியாசம் தெரியாது. பாஸ்வேர்டு நேரே அவரிடம் போகும். லாட்ஜ் வைஃபையில் மட்டும் எச்சரிக்கை வந்து, போன் ஹாட்ஸ்பாட்டில் வரவில்லையென்றால் எந்தக் காரணத்துக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே கொடுத்த விதிவிலக்குகளை அழிக்க: செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, மேனேஜ் சர்டிஃபிகேட்ஸ், அதில் ‘சர்வர்ஸ்’ தாவல்.

விண்டோஸ் 7 இன்னும் ஓடும் ஆபீஸ்களுக்குத் தண்டர்பேர்ட் 115தான் கடைசிப் பதிப்பு. அதற்குமேல் புதுப்பிப்பு வராது, அந்த இயந்திரத்தில் ஆபீஸ் மெயிலை வைக்காமலிருப்பது நல்லது. விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள் தாராளமாகப் போடலாம், ஆனால் முதல் நாளே அந்த டிக்கை எடுக்கச் சொல்லிக்கொடுங்கள்.

ஹோஸ்டிங் சப்போர்ட்டுக்கு ‘மெயில் வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் ‘எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். சர்வர் பெயர், போர்ட் எண், ‘வியூ’வில் கண்ட இஷ்யூயர், காலாவதித் தேதி, மூன்றில் எந்த எச்சரிக்கை என்பதை எழுதி ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்து அனுப்புங்கள்.