விக்டோரியா காலத்து கிரிக்கெட் சாமான்கள்: பல சீசன் ஆடிப் பார்த்ததில்

இங்கிலாந்தில் கோடை வந்தால் சில கிராமத்து கிளப்புகள் பழங்கால மேட்ச் ஆடுவது வழக்கம். 1880, 1890களில் கடைகளில் விற்ற மாதிரியான மட்டை, பேடு, கிளவுஸ், ஃப்ளானல் பேண்ட், சின்னத் தொப்பி என்று எல்லாம் அந்தக் காலத்துக் கணக்கு. கென்ட்டில் நாங்கள் ஆடும் குழுவில் ஓவருக்கு ஐந்து பந்து. இங்கிலாந்தில் 1889இல் நான்கு ஐந்தாகி, 1900இல்தான் ஆறானது. ஸ்டம்ப் 27 அங்குல உயரம், மூன்றும் சேர்ந்து 8 அங்குல அகலம். இன்றைய ஸ்டம்பைவிட இரண்டிலும் ஒரு அங்குலம் குறைவு. பவுலர்கள் அதைச் சொல்லியே புலம்புவார்கள்.

புதிதாகச் சேருகிறவர்கள் எதை வாங்கலாம், எது தண்டச் செலவு என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன். நான் ஆடுவதெல்லாம் பழைய மாதிரியைப் பார்த்துப் புதிதாகச் செய்த சாமான்களில்தான். அசல் பழைய மட்டை ஒன்று வீட்டில் இருக்கிறது, சுவரில். அத்தனை வருஷம் காய்ந்த வில்லோ மரத்தால் கிரிக்கெட் பந்தை அடிப்பது பாவம்.

மட்டையிலிருந்து தொடங்கலாம். என்னுடையது ஏறக்குறைய ஒரு கிலோ. முகத்தின் அகலம் நாலேகால் அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது, நீளம் 38 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்ற விதிகள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. மாறியது பின்பக்கத்து மரம். இன்றைய மட்டையின் ஓரம் 40 மில்லிமீட்டர் வரை தடிமனாக இருக்கலாம் என்று 2017இல் விதி போட வேண்டிய அளவுக்கு விஷயம் போய்விட்டது. என் மட்டையின் ஓரம் பிஸ்கெட் தடிமன்தான். அதனால் இதில் தப்பு அடிக்குப் பலன் கிடையாது. நவீன மட்டையில் ஓரத்தில் பட்டு ஸ்லிப்புக்கு மேலே பறந்து பவுண்டரிக்குப் போகும் பந்து, இதில் சமர்த்தாக ஸ்லிப் கையில் போய் உட்காரும்.

நடுவில் பட்டால் கதையே வேறு. மட்டை லேசு என்பதால் கடைசி நொடி வரை காத்திருக்க முடிகிறது. லேட் கட், லெக் கிளான்ஸ் எல்லாம் எனக்கு வந்ததே இந்த மட்டையில்தான். குறுக்கே இழுத்து அடிக்கப் போனால் கைக்குள்ளேயே திரும்பிவிடும். நேராக அடித்தால் மட்டும் பேசும். அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் ஆஃப் சைடு டிரைவையே பெரிதாகக் கொண்டாடியதற்குக் கௌரவம் ஒரு காரணம் என்பார்கள். மட்டையும் ஒரு காரணம் என்பது என் கட்சி. ஆனால் இப்படிப்பட்ட மட்டைகளில் பெரிய அடி வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1899 ஜூலையில் ஆல்பர்ட் டிராட் லார்ட்ஸ் பெவிலியனுக்கு மேலேயே பந்தைத் தூக்கி அடித்தார். அதற்குப் பிறகு வேறு யாரும் அதைச் செய்யவில்லை.

கைப்பிடி பிரம்பு. 1850களில் நாட்டிங்ஹாம்ஷயர்காரர் தாமஸ் நிக்ஸன் பிரம்புக் கைப்பிடியைக் கொண்டுவந்தார். பிறகு பிரம்புத் துண்டுகளுக்கு நடுவே ரப்பர் பட்டை வைக்க ஆரம்பித்தார்கள். கைப்பிடியை ஆப்பு மாதிரிச் சீவி மட்டைக்குள் இறக்கும் இன்றைய இணைப்புக்குப் பேர் சொல்லப்படுகிறவர் சார்லஸ் ரிச்சர்ட்சன், செவர்ன் ரயில் சுரங்கத்தின் தலைமைப் பொறியாளர். ஆற்றுக்கு அடியில் சுரங்கம் போட்டவருக்கு மட்டை எம்மாத்திரம். அந்த அமைப்பு நிஜமாகவே அதிர்வை உறிஞ்சுகிறது. குளிரான மே மாதத்தில் அடித்துப் பார்த்தால் தெரியும். ரப்பர் கிரிப்புக்குப் பதிலாக மெழுகு பூசிய நூல் சுற்றியிருக்கும். முதல் மாதம் உள்ளங்கை காய்த்துப் போகும், அப்புறம் பழகிவிடும். நூல் அடிப்பக்கம் தளரும், நாமே திரும்பச் சுற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

வாங்கும்போது நிறத்தைக் கவனியுங்கள். 1890கள் வரை வில்லோவின் உட்புற வைர மரத்தில் நிறைய மட்டைகள் செய்தார்கள், அதனால் கொஞ்சம் சிவந்த பழுப்பாக இருக்கும். வெள்ளை வெளேர் என்ற வெளிமரம் அதற்குப் பிறகு பரவியது. நான் முதலில் இணையத்தில் வாங்கிய மட்டையில், கடைக்காரர் சாதாரண வெள்ளை மரத்துக்குக் கறுப்பு டீ நிறத்தில் வார்னிஷ் அடித்து அனுப்பியிருந்தார். மட்டைக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. சீசன் பாதியில் கைப்பிடி இணைப்பு வாயைத் திறந்தது. "அலங்காரப் பொருள்" என்று பதில் வந்தது, பணம் வரவில்லை. பேர் வேண்டாம். வார்னிஷ் இல்லாமல் வெறும் மரமாகத் தருகிறார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

மட்டை வியாபாரம் பற்றி ஒரு கிளைக்கதை. நாட்டிங்ஹாமில் 1885இல் தாமஸ் மூரோடு சேர்ந்து கன் அண்ட் மூர் கம்பெனியைத் தொடங்கிய வில்லியம் கன் இங்கிலாந்துக்கு ஆடியவர். 1896 ஓவல் டெஸ்டுக்கு 10 பவுண்டு போதாது, 20 பவுண்டு வேண்டும் என்று ஐந்து தொழில்முறை ஆட்டக்காரர்கள் கேட்டார்கள். மூன்று பேர் இறங்கி வந்து ஆடினார்கள். கடைசிவரை ஆடாமல் நின்ற இருவரில் கன் ஒருவர். கடை வைத்திருப்பவரால் அப்படி நிற்க முடியும் என்று எனக்குத் தோன்றும்.

பேடு பற்றி ஆச்சரியப்படும்படி நல்லதாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியே கான்வாஸ், உள்ளே நெட்டுக்குப் பிரம்புக் குச்சிகள், குதிரைமயிர்த் திணிப்பு, பின்னால் தோல் வாரும் பக்கிளும். நடுத்தர வேகத்தில் வரும் பந்து முழங்காலுக்குக் கீழே பட்டால் சத்தம்தான் பெரிது. முழங்காலுக்கு மேலே நம்பக்கூடாது. மழையில் நனைந்தால் கனம் ஏறிவிடும், காய இரண்டு நாள் ஆகும். பிளாங்கோ என்ற வெள்ளைப் பூச்சைப் பூசினால் பளிச்சென்று இருக்கும். முதல் ரன் ஓடுவதற்குள் பாதி பேண்டில் ஒட்டியிருக்கும்.

எங்கள் மேட்சில் பழைய எல்பிடபிள்யூ விதிதான், பந்து ஸ்டம்புக்கு நேராகக் குத்தினால் மட்டுமே அவுட். 1935 வரை அப்படித்தான். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே குத்தி உள்ளே வரும் பந்துக்குக் காலை நீட்டிவிட்டு நிற்கலாம். அந்த வித்தையில் பேர் போனவர் ஆர்தர் ஷ்ரூஸ்பரி. அவரும் ஆல்ஃபிரட் ஷாவும் சேர்ந்து நாட்டிங்ஹாமில் விளையாட்டுச் சாமான் வியாபாரமும் நடத்தினார்கள். தன் சரக்கின் மேல் அவருக்கு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்.

கிளவுஸ்தான் மோசம். இதில் சமாதானம் சொல்ல எதுவும் இல்லை. விரல்களின் முதுகில் ரப்பர் குழாய்கள், உள்ளங்கைப் பக்கம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பிடி அருமையாக இருக்கிறது, மட்டை கையில் இருப்பது தெரிகிறது. ஆனால் குழாய்க்கும் குழாய்க்கும் நடுவே பந்து பட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது. என் வலது சுண்டுவிரல் இன்னும் முழுதாக மடங்காது. வெயிலில் ரப்பர் பிசுபிசுக்கும், தையல் விடும். நான் இப்போது கீழ்க்கைக்கு மட்டும் உள்ளே மெல்லிய நவீன கிளவுஸ் ஒன்று போட்டு, மேலே இதை மாட்டிக்கொள்கிறேன். பார்க்க அசிங்கம்தான், பரவாயில்லை. அதே மாதிரி இடுப்புக்குக் கீழே மறைவாகப் போடும் எல்-கார்டு இந்தக் காலத்தது. அதில் பழமை பார்க்கவே கூடாது. ஹெல்மெட் கிடையாது என்பதால் வேகமாகப் போடுகிறவர்கள் பாதி ஓட்டத்தில்தான் வர வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. அதற்கு ஒப்புக்கொள்ளாத அணியோடு ஆட நான் போவதில்லை.

உடையில் ஃப்ளானலுக்குத்தான் முதல் மார்க். கம்பளித் துணி, வெயிலில் வெந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இங்கிலாந்துக் கோடைக்கு இதைவிடப் பொருத்தமான துணி இல்லை. வேர்வையைக் குடிக்கிறது, சாயங்காலம் காற்று குளிர்ந்தால் உடம்போடு ஒட்டிச் சில்லிட வைப்பதில்லை. பாலியஸ்டர் ஜெர்சியில் மாலை ஆறு மணிக்கு ஃபைன் லெக்கில் நின்றவர்களுக்கு வித்தியாசம் புரியும். முதல் சில தடவை கழுத்தில் அரிக்கும், அவ்வளவுதான். வெந்நீரில் மட்டும் போடாதீர்கள், சுருங்கினால் சுருங்கியதுதான். குளிர்காலத்தில் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாங்கும்போது நூறு சதவீதம் கம்பளியா என்று பாருங்கள், கலப்புத் துணியை ஃப்ளானல் என்று விற்கிறார்கள். பேண்ட் தொப்புளுக்கு மேலே ஏறும், ஜிப் கிடையாது, பட்டன்தான். அவசரத்துக்கு ஆகாது. கோடு போட்ட பிளேசர் படம் எடுக்க உதவும். சின்ன விளிம்புத் தொப்பி வெயிலையும் மறைக்காது, காற்றிலும் நிற்காது.

பூட்ஸ் தோல், அடியில் முள். ஈர அவுட்ஃபீல்டில் பிடிப்பு நன்றாக இருக்கிறது, கணுக்காலுக்கும் தாங்கல். கனம் அதிகம். விலையும் அதிகம், கடைசியாக வாங்குங்கள்.

பந்து மட்டும் இன்றையதை வைத்தே ஆடுகிறோம். அந்தக் காலத்துப் பந்தின் சுற்றளவு 9 முதல் 9¼ அங்குலம், 1927இல்தான் குறைத்தார்கள். அந்த அளவில் கையால் தைத்து வாங்கக் கட்டுப்படியாகவில்லை. பென்ஸ்ஹர்ஸ்ட் கிராமத்தில் ட்யூக் என்ற பந்து தயாரிப்பாளர் குடும்பம் பந்து தைத்த அதே கென்ட்டில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பெண்கள் அணியும் எங்களோடு ஆடுகிறது. 1890இல் ஒரிஜினல் இங்கிலிஷ் லேடி கிரிக்கெட்டர்ஸ் என்று தொழில்முறைப் பெண்கள் அணிகள் ஊர் ஊராகப் போய் ஆடியதால் இது வேஷப் பொய் இல்லை. நீளப் பாவாடையோடு ஃபீல்டிங் சமாளிக்கலாம், இரண்டாவது ரன்னுக்குத் திரும்புவதுதான் கஷ்டம் என்கிறார்கள்.

விக்கெட் கீப்பர் கிளவுஸ் பற்றியும் கேட்கிறார்கள். நான் கீப்பிங் நிற்பதில்லை. எங்கள் கீப்பர் முழங்கை நோக்கி நீளும் தோல் கிளவுஸை ஒரு சீசன் போட்டுப் பார்த்துவிட்டு இப்போது விற்கப் போகிறார். வாங்குவதற்கு முன் அவருடைய விரல்களைப் பார்த்துவிடுங்கள்.