வங்கி மெசேஜும் ஒரு பழைய கொப்பியும்

2022இல் விலைவாசி ஏறிய வேகத்தில் சம்பளம் எந்தப் பக்கத்தால் போகிறது என்றே தெரியவில்லை. அந்த வருடக் கடைசியில்தான் மட்டக்களப்பில் எனது வங்கிக் கிளைக்குப் போய் எஸ்.எம்.எஸ். அறிவிப்புக்கு எழுதிக் கொடுத்தேன். வரவோ செலவோ, உடனே போனுக்கு மெசேஜ் வந்துவிடும்.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் மாறவில்லை. பார்ப்பேன், விட்டுவிடுவேன். அப்புறம் மகளின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து, இரவுச் சாப்பாடு முடிந்ததும் அன்றைய மெசேஜ்களை அதில் எழுதத் தொடங்கினேன். கையால் எழுதும்போதுதான் உறைத்தது. போன் ரீலோட் மட்டும் 100, 200, மறுபடி 100 என்று போய் மாத முடிவில் 2,900 ரூபாய்! சீட்டுக்காசும் அடகு வட்டியும் எனக்கு எப்போதும் நினைவில் இருந்தவை. கணக்கில் வராமல் போனது இந்தச் சில்லறைதான்.

ஒரு பெரும்போக அறுவடை நேரம். படுவான்கரையில் வயல், கூலி கொடுக்க வேண்டும். வேறொரு வங்கியின் ஏ.டி.எம்.இல் 20,000 கேட்டேன். இயந்திரம் இரைந்தது, காசு வரவில்லை. ஆனால் கழித்துவிட்டதாக மெசேஜ் வந்துவிட்டது. அடுத்த நாள் எனது கிளையில் அந்த மெசேஜைக் காட்டினேன். திகதி, நேரம், தொகை எல்லாம் அதில் இருந்ததால் முறைப்பாட்டைப் பத்து நிமிடத்தில் எழுதிக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் காசு திரும்பி வந்தது. அதற்கும் மெசேஜ் வந்தது, அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அம்மாவின் நிலையான வைப்புக்கும் அறிவிப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் வருவதால் நான்தான் வாசித்துச் சொல்வேன். 2025 ஏப்ரலில் வட்டிக்கான வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமானபோது, வட்டியும் கழிவும் அடுத்தடுத்து வந்ததைக் கேட்டுவிட்டு, "மறுகா ஏன் மகன் கூட வெட்டிற்றாங்க?" என்றார். விசாரித்தால், ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர்கள் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் அந்த வரியைப் பிடிக்கமாட்டார்களாம். அந்தக் கிழமையே அம்மாவைக் கூட்டிப்போய்க் கொடுத்தோம்.

குறையும் இருக்கிறது. 2024 நவம்பர் வெள்ளத்தில் சிக்னல் போய், பிறகு எல்லா மெசேஜும் முன்பின்னாக ஒன்றாகக் கொட்டின. அதனால் மீதியை மெசேஜில் பார்த்து நம்புவதில்லை. செயலியில் பார்த்த பிறகே பெரிய தொகை அனுப்புவேன். இன்னொன்று, 'கணக்கு முடக்கப்பட்டது, இதை அழுத்துங்கள்' என்று வங்கிப் பெயரிலேயே போலி மெசேஜ் வருகிறது. இணைப்பு இருந்தால் தொடக்கூடாது, ஓ.டி.பி. இலக்கத்தை வங்கி ஆள் என்று சொல்பவருக்கும் சொல்லக்கூடாது. இதை அம்மாவுக்குப் பலமுறை சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்போது மூன்றாவது கொப்பி நடக்கிறது. அம்மா தானே வாசிக்கும்படி மெசேஜைத் தமிழில் அனுப்பச் சொல்லிக் கிளையில் கடிதம் கொடுத்திருக்கிறேன். இன்னும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. அடுத்த மாதமும் போய்க் கேட்பேன்.