‘மென் ஸ்பிரிங்’ என்று பில் போட்டு, வெட்டிய ஸ்பிரிங்கை மாட்டி அனுப்பினார்கள்

இங்கிலாந்தில் பழைய எம்.ஜி. கார் வைத்திருப்பவர்கள் அதை ஒர்க்‌ஷாப்பில் விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 1,180 பவுண்டு கட்டணம் கட்டிப் படித்த பாடம் இது.

என்னிடம் இருப்பது 1972 மாடல் எம்.ஜி.பி. ஜி.டி. ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் ஏபிங்டனில் செய்த வண்டி. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அழகுக்காக அதைத் தாழ்த்தியிருந்தார். முன்பக்கம் குட்டையான ஸ்பிரிங். பின்பக்கம் அச்சுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் (நம்மூர் லாரிக்காரர்கள் பட்டை என்பார்களே, அதேதான்) நடுவில் ஒன்றேகால் அங்குலக் கட்டை. அதோடு 15 அங்குலச் சக்கரமும் 195/50 டயரும். நிற்கும்போது ரோட்டோடு ஒட்டிக்கொண்டு அம்சமாக இருக்கும். ஓடும்போது ஒவ்வொரு குழியும் முதுகுத்தண்டில் ஏறும். ஒருநாள் பிரைட்டன் போய் வந்த பிறகு மனைவி, “இதுக்கு நம்ம ஊர் டவுன் பஸ்ஸே தேவலை” என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை.

பழைய கார்களுக்கென்றே இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். நான் கேட்டது இதுதான்: வண்டி மேலே ஏறக்கூடாது, இதே உயரத்தில் இருக்கவேண்டும், ஆனால் மெத்தென்று ஓடவேண்டும். கேள்வியே கோளாறு என்று இப்போது தெரிகிறது. தெரிந்தவராக இருந்தால் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அவரோ, “கவலையே வேண்டாம். மென் ஸ்பிரிங் போடுகிறேன், நாலு ஷாக் அப்சார்பரும் மாற்றுகிறேன், புஷ் எல்லாம் பாலியூரித்தேனில் போட்டுவிடலாம்” என்றார். புஷ் என்பது இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையம்; பாலியூரித்தேன் ரப்பரைவிடக் கடினமான பிளாஸ்டிக். பணம் கட்டப் போனபோது கார்டு மெஷின் பழுது. வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார், அனுப்பினேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு வந்தபோது முன்பைவிட மோசம். முன்பு இடித்தது, இப்போது குத்தியது. போன் செய்தால், “புது பாகங்கள், ஆயிரம் மைல் ஓடினால் பழகிவிடும்” என்றார். செருப்பு வேண்டுமானால் பழகும், ஸ்பிரிங் எப்படிப் பழகும் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எண்ணூறு மைல் ஓட்டினேன். ஒன்றும் பழகவில்லை.

கடைசியில் தனியாக வேலை பார்க்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியைத் தூக்குவதற்கு முன் பேத்தியின் விளையாட்டுக் களிமண்ணில் ஒரு உருண்டை எடுத்து, பின் அச்சுக்கு மேலே இருக்கும் தடுப்பு ரப்பரில் அப்பினார். ஊருக்குள் ஒரு சுற்று போய் வந்தோம். குழியில் விழவே இல்லை. ஆனாலும் களிமண் அப்பளமாகிவிட்டது. “உன் வண்டி ஸ்பிரிங்கில் ஓடவில்லை, ரப்பரில் ஓடுகிறது” என்றார்.

எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. அச்சு மேலே எழும்ப ஓரளவுக்குத்தான் இடம் உண்டு. அது தீர்ந்தால் ரப்பரில் முட்டும். பின்னால் வைத்த கட்டை பட்டையைக் கொஞ்சமும் கடினமாக்குவதில்லை, எழும்பும் இடத்தில் ஒன்றேகால் அங்குலத்தைத் தின்றுவிடுகிறது, அவ்வளவுதான். மிச்சமிருக்கும் இடத்தில் ஸ்பிரிங்கை இன்னும் மென்மையாக்கினால் இன்னும் சீக்கிரம் முட்டும். நான் காசு கொடுத்துக் கேட்டது அதைத்தான்.

முன்பக்கம் அதைவிடக் கேவலம். ஸ்பிரிங்கைக் கழற்றினால் கீழ்முனையில் சூடேறிய கருநீலத் தடம், அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் இல்லை. சாதாரண உயரத்துக்கான ஸ்பிரிங்கை வாங்கி, நான் உயரம் கூடக்கூடாது என்று சொன்னதற்காக ஒன்றரைச் சுற்றை வெட்டிவிட்டார்கள். சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் கடினமாகும். எட்டுச் சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றரையை வெட்டினால் ஏறத்தாழ 23 சதவீதம் கடினம். பில்லில் அதன் பெயர் ‘மென் ஸ்பிரிங்’.

‘புதிய’ ஷாக் அப்சார்பர்கள் என் பழையவையேதான். இந்த வண்டியில் இருப்பது லீவர் வகை, மேலே மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றலாம். தேய்ந்துபோனவற்றில் கெட்டியான எண்ணெயை ஊற்றினால் தளர்ச்சி தெரியாது, பானெட்டை அமுக்கிப் பார்த்தால் கிண்ணென்று நிற்கும். அதைச் செய்து கருப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். டயரில் காற்று 35 பி.எஸ்.ஐ., இன்றைய கார்களுக்கு அடிப்பதுபோல. இந்த வண்டியின் கையேடு சொல்வது இருபதுகளில்தான்.

நாற்பது வருடம் தாண்டிய கார்களுக்கு, பெரிய மாற்றம் செய்யாதவரை, 2018 மே முதல் வருடாந்திர எம்.ஓ.டி. சோதனை (வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று பார்ப்பது) கட்டாயம் இல்லை. அதனால் வேறு யாரும் என் வண்டிக்கு அடியில் எட்டிப் பார்க்கவும் வழியில்லாமல் போயிற்று. விருப்பப்பட்டால் காசு கட்டிச் சோதிக்கலாம், நான் இனி கட்டத்தான் போகிறேன்.

பெரியவர் கட்டையை எடுத்தார். முன்னால் வெட்டாத ஸ்பிரிங், ரீகண்டிஷன் செய்த ஷாக் அப்சார்பர். பாலியூரித்தேனை வீசிவிட்டு ரப்பர் புஷ். முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கைக்கு மட்டும் இதே காரின் வி8 (எட்டு சிலிண்டர்) மாடலில் வந்த புஷ். பட்டையின் போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்கினார். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியுமாம். சக்கரமும் பழைய 14 அங்குல ரோஸ்டைல் என்ற இரும்பு வகைக்கே திரும்பியது. 165/80 டயரின் பக்கவாட்டு உயரம் 132 மில்லிமீட்டர், முன்பிருந்ததற்கு 97 தான். பாதி சுகம் அங்கேயே வந்துவிட்டது. வண்டி இப்போது கொஞ்சம் எம்பித்தான் நிற்கிறது. முன்னைப்போல அம்சமாக இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

நான் செய்யாமல் விட்டவற்றையும் சொல்லிவிடுகிறேன். கழற்றிய பழைய பாகங்களைக் கையில் கொடுங்கள் என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கியிருக்கவேண்டும். கேட்டிருந்தால் ஷாக் அப்சார்பர் கதை அன்றைக்கே வெளிவந்திருக்கும். அப்புறம் அந்தக் கார்டு மெஷின். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ளதைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி கார்டு நிறுவனமும் பொறுப்பாளி. வங்கிப் பரிமாற்றத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மெஷின் பழுது என்றால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள், சாவி அவர்களிடமே இருக்கட்டும்.

2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தைக் காட்டிக் கடிதம் அனுப்பினேன். “கொண்டுவாருங்கள், மறுபடி செய்து தருகிறோம்” என்றார்கள். அந்தக் கையில் மறுபடியுமா? பெரியவர் எழுதிக் கொடுத்த அறிக்கையையும் படங்களையும் இணைத்து இரண்டாவது கடிதம் போனது, 200 பவுண்டு தருவதாகப் பதில் வந்தது. நான் வாங்கவில்லை. சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் பதிந்திருக்கிறேன். வெட்டிய ஸ்பிரிங் இரண்டும் ஒரு பையில் கட்டி மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன. எப்போது தூக்கி எறிவீர்கள் என்று மனைவி கேட்கிறாள். தேதி வரட்டும்.