சூரைக்கு பாப்பரா, ஜிக்கா?

சூரை மீன் கூட்டம் மேலே வந்து குட்டி மீன்களை விரட்டுகிறது, பறவைகளும் வட்டமிடுகின்றன என்றால், தூண்டிலில் கட்ட வேண்டியது நீர்மேல் இழுக்கும் போலி இரையான பாப்பர்தான். அதன் குழிந்த முகம் ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரைச் சிதறடிக்கும்; சூரை பாய்ந்து கவ்வுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் கை வலிக்கும், எதிர்க்காற்றில் தூரம் போகாது.

ஜிக் என்பது உலோகப் போலி இரை. அது ஒல்லியாகவும் கனமாகவும் இருப்பதால் காற்றைக் கிழித்துப் போகும், ஆழத்துக்கும் இறங்கும். அப்புறம், சூரைக்குக் கண் கூர்மை. அது தின்னும் இரை விரல் நீளம்தான் என்றால், பெரிய பாப்பரைப் பெரும்பாலும் சீண்டாது. அந்த இரையின் அளவே உள்ள ஜிக்கைக் கவ்வும். ஒன்றுதான் வாங்கலாம் என்றால் நான் ஜிக்கைத்தான் எடுப்பேன்.

எதைக் கட்டினாலும், பின்னல் நரம்பின் (இழைகளைப் பின்னிய தூண்டில் நூல்) முனையில் ஃபுளோரோகார்பன் லீடர், அதாவது தண்ணீரில் எளிதில் தெரியாத ஒரு துண்டு நரம்பு, வேண்டும். ரீலின் டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பு வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் பிடிமானம்) நரம்பின் தாங்குதிறனில் 25–30 சதவீதத்துக்கு வையுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் மீனின் முதல் ஓட்டத்திலேயே நரம்பு அறுந்துவிடலாம்.