தொங்கும் தோலை மெஷின் வைத்து இறுக்கித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டுவதற்கு முன்

மதுரையில் ‘ஸ்கின் டைட்டனிங்’ என்று போர்டு வைத்திருக்கும் ஒரு கிளினிக்கில் 96,000 ரூபாய் போனது. வயிற்றுத் தோல் எப்படித் தொங்கியதோ அப்படியேதான் தொங்குகிறது. போனஸாகத் தொப்புளுக்கு இடப்பக்கம் ஒரு சூட்டுத் தழும்பு. கிளினிக் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, அதோடு இதே வித்தையை வேறு வேறு பெயர்களில் ஊர் ஊராகச் செய்கிறார்கள். அதனால் பெயரைவிட வித்தையைத் தெரிந்துகொள்வதுதான் உபயோகம்.

எனக்கு 49 வயது. சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டதும் டாக்டர் மிரட்டிய மிரட்டலில் சோற்றைக் குறைத்து, நடந்து, 94 கிலோவிலிருந்து 65க்கு வந்தேன். இளைத்ததற்கு நம் ஊரில் யாரும் பாராட்டுவதில்லை என்பது தெரிந்ததுதானே. போகிற கல்யாண வீட்டிலெல்லாம் “என்ன மதினி, சுகரா?” என்றுதான் கேட்டார்கள். அதைக்கூடச் சிரித்துக் கடந்துவிடலாம். தோல்தான் பாடாய்ப் படுத்தியது. மேல்கையில் சதை போன இடத்தில் தோல் பையாகத் தொங்கியது. ரவிக்கைக் கையைப் பிடித்துத் தைத்தால் அதற்குக் கீழே பிதுங்கும், தளர்த்தித் தைத்தால் தோள் நிற்காது. அடிவயிற்றில் ஒரு மடிப்பு விழுந்து, சித்திரை வெயிலில் வியர்வை அதற்குள்ளேயே தங்கி, சிவந்து, அரித்து, புண்ணாகும். அழகு பார்க்கும் வயதா இது என்று கேட்பவர்கள் அந்தப் புண்ணோடு ஒரு நாள் டவுன் பஸ்ஸில் நின்று பார்க்கட்டும்.

இந்த நேரம் பார்த்துத்தான் போனில் விளம்பரம் வந்தது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை, இலவச கன்சல்டேஷன்.

உள்ளே போனால் ஏசி, மெல்லிய பாட்டு, சீரக வாசனையோடு வெந்நீர். முதலில் வருவது டாக்டர் இல்லை, கவுன்சிலர். இருபத்தைந்து வயதுப் பெண், வெள்ளைக் கோட்டு. “மேம், உங்க ஏஜ்ல இவ்ளோ வெயிட் குறைச்சிருக்கீங்க, சூப்பர்” என்று ஆரம்பித்தாள். அத்தனை மாதத்தில் என்னைப் பாராட்டிய முதல் ஆள் அவள்தான். அவளுக்கு அது வேலை என்பது வேறு விஷயம். டேப்லெட்டில் ‘முன்’, ‘பின்’ படங்களாகக் காட்டினாள். அப்புறம் ‘டாக்டர்’ என்று ஒருவர் எட்டிப்பார்த்தார். என் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சர்க்கரை உண்டா, மாதவிடாய் நின்றுவிட்டதா, முன்பு ஆபரேஷன் ஏதும் நடந்திருக்கிறதா, ஒரு கேள்வி கிடையாது. “ரேடியோ ஃப்ரீக்வென்சியும் ஹைஃபுவும் சேர்த்துக் கொடுத்தால் டைட் ஆகிவிடும்” என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். (முதலாவது ரேடியோ அலை, இரண்டாவது அல்ட்ராசவுண்ட் அலை. இரண்டும் தோலுக்குள் சூடு ஏற்றும் மெஷின்கள்.) அவர் கொடுத்த சீட்டில் கையெழுத்து இருந்தது. பதிவு எண் இல்லை.

இன்றைக்கே சேர்ந்தால்தான் ஆஃபர், நாளைக்கு வந்தால் ஒன்றரை லட்சம் என்றாள் கவுன்சிலர். கையில் அவ்வளவு இல்லை என்றேன். “கவலையே படாதீங்க மேம், நம்ம கிளினிக் இஎம்ஐ இருக்கு, வட்டியே இல்ல” என்று என் ஆதாரையும் பான் கார்டையும் வாங்கிக்கொண்டு, போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டாள். பிறகுதான் தெரிந்தது, கிளினிக் இஎம்ஐ என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒரு நிதி நிறுவனம் என் பெயரில் கடன் போட்டு, மொத்தப் பணத்தையும் அன்றைக்கே கிளினிக்குக்குக் கொடுத்துவிட்டது. சிகிச்சை பிடிக்கவில்லை, நிறுத்துகிறேன் என்றாலும் தவணை நிற்காது. கட்டாமல் விட்டால் சிபில் ஸ்கோர் அடிவாங்குவது நாம்தான், கிளினிக் இல்லை. இதில் ஒரு வழி உண்டு. இப்படிப் போனிலேயே தருகிற டிஜிட்டல் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் விதி கொண்டுவந்தது. கடன் எடுத்த கையோடு மனம் மாறினால், ‘கூலிங் ஆஃப்’ காலத்துக்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டிவிட்டு அபராதம் இல்லாமல் வெளியே வரலாம். கடன் விவரத்தாளில் அந்தக் காலம் எத்தனை நாள் என்று போட்டிருக்க வேண்டும். அந்தத் தாள் மெயிலுக்குத்தான் வரும், நாம் திறந்து பார்க்க மாட்டோம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். வயிற்றில் ஜில்லென்று ஜெல் தடவி, சூடான கைப்பிடி ஒன்றை வட்டமாகத் தேய்ப்பார்கள். ரேடியோ ஃப்ரீக்வென்சி என்பதே மோசடி இல்லை. தோலின் உள்ளடுக்கைச் சூடாக்கி, தோலுக்கு உறுதி தருகிற கொலாஜன் இழைகளைச் சுருங்கவும் புதிதாக உருவாகவும் தூண்டும். முகத்திலோ கழுத்திலோ லேசான தளர்ச்சி இருப்பவர்களுக்குக் கொஞ்சம் பலன் உண்டு, அதுவும் சில மாதம் கழித்துத்தான் தெரியும். முப்பது கிலோ இறங்கி, மடித்துப் பிடிக்கிற அளவுக்குத் தோல் மிச்சம் இருக்கிற வயிற்றை அது ஒன்றும் செய்யாது. அந்த வித்தியாசத்தை மறைத்து விற்பதுதான் இங்கே வியாபாரம்.

எப்படி மறைக்கிறார்கள் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். சூடு பட்ட தோல் லேசாக வீங்கும். வீங்கினால் சுருக்கம் தெரியாது, தொட்டால் விறைப்பாக இருக்கும். சிட்டிங் முடிந்த அந்த நிமிடமே கண்ணாடி முன்னால் நிறுத்தி “பாருங்க மேம், எவ்ளோ டைட்!” என்பார்கள். நமக்கும் அப்படித்தான் தோன்றும். இரண்டு மூன்று நாளில் வீக்கம் வடிந்ததும் பழைய வயிறு திரும்பிவிடும். அதற்குள் அடுத்த சிட்டிங்.

படம் எடுப்பது இன்னொரு கலை. ‘முன்’ படத்துக்கு டியூப் லைட் வெளிச்சத்தில் பக்கவாட்டில் நிற்கவைத்து, “ஃப்ரீயா நில்லுங்க, மூச்சை விடுங்க” என்று போனைத் தாழப் பிடித்து எடுத்தார்கள். ‘பின்’ படத்துக்கு இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கட்டச் சொன்னார்கள். கையைத் தூக்கினால் வயிற்றுத் தோல் தானாக மேலே இழுபடும். முகத்துக்கு அடிக்கிற வட்ட லைட்டை நேர் எதிரே வைத்ததால் நிழலே விழவில்லை. பாவாடையையும் இரண்டு விரல் மேலே ஏற்றிக் கட்டவைத்திருந்தார்கள், மடிப்பு அதற்குள் போய்விட்டது. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் நானே அசந்துபோனேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடியில் பார்த்தால் அந்தப் படத்தில் இருந்த ஆளைக் காணவில்லை.

இன்ச் டேப்பும் அப்படித்தான். முதல் நாள் தொப்புளுக்கு நேராகத் தளர்வாகச் சுற்றினார்கள். அப்புறம் அளந்தபோது டேப் தொப்புளுக்கு மேலே இடுப்பு ஒடுங்கும் இடத்துக்குப் போய்விட்டது, தோலில் பதிகிற அளவுக்கு இழுத்தும் பிடித்தார்கள். “ரெண்டு இன்ச் போயிருக்கு மேம்.” நான் டேப்பை வாங்கி, முதல் நாள் அளந்த இடத்தில் நானே சுற்றிக் காட்டினேன். அரை இன்ச்கூடக் குறையவில்லை. அந்தப் பெண் முகம் மாறாமல் “வாட்டர் ரிடென்ஷன் மேம், இன்னிக்கு உப்பு ஜாஸ்தி சாப்ட்டீங்களா?” என்றாள்.

சூடு வாங்கியது பிற்பாடு. அந்தக் கைப்பிடியை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், ஒரே இடத்தில் நின்றால் சுட்டுவிடும். அன்றைக்கு மெஷின் பிடித்த பெண் இடது கையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுடுகிறது என்றேன். “சூடு இருந்தாத்தான் கொலாஜன் வேலை செய்யும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க” என்றாள். மாலைக்குள் எட்டணா அளவுக்குக் கொப்புளம். போன் செய்தால் கற்றாழை ஜெல் தடவச் சொன்னார்கள், ‘டாக்டர்’ ஊரில் இல்லையாம். வீட்டுப் பக்கத்து டாக்டரிடம் போய்த்தான் மருந்து போட்டேன். அவர் எழுதிக்கொடுத்த சீட்டில் தீக்காயம் என்று தேதியோடு இருக்கிறது. பின்னால் எனக்கு உதவிய ஒரே கடுதாசி அதுதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கதை மாறியது. “ரிசல்ட் ஆளுக்கு ஆள் மாறும், கன்சென்ட் ஃபார்மில் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே” என்றார் மேனேஜர். அதே கிளினிக்கின் கவுன்சிலர் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிய “100% ரிசல்ட் கேரண்டி மேம்” என்பதை எடுத்துக் காட்டினேன். அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டாளாம். கடைசியில் ஒரு சமாதானத் திட்டம் சொன்னார்: இன்னும் 30,000 கட்டினால் வேறு மெஷின், முந்தையதைவிடப் பவர்ஃபுல். என் வீட்டுக்காரர் கோபக்காரர் இல்லை. அவரே “ஏங்க, இவங்களைச் சுட்டது பத்தலையா?” என்று எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்தேன். எம்.சிஎச் என்ற அறுவை சிகிச்சை மேற்படிப்பு படித்தவர், சீட்டில் பதிவு எண் இருந்தது, அதைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனேன். அவர் வயிற்றை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தார். “தடிமனா கைக்கு வந்தா உள்ளே கொழுப்பு இருக்குன்னு அர்த்தம்மா, இன்னும் குறைக்கலாம். இது துணி மாதிரி மெல்லிசா வருது, வெறும் தோல். சட்டை பெரிசாயிடுச்சு. இஸ்திரி போட்டா சுருக்கம் போகும், சட்டை சின்னதாகாது. வெட்டித் தைக்கணும்.” ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். அந்தக் கிள்ளலுக்கு அவர் வாங்கிய கன்சல்டிங் ஃபீஸ் 600 ரூபாய்.

தோலை இழுத்தால் திரும்பிப் போகவைப்பது எலாஸ்டின் என்ற புரதமாம். அது பெரும்பாலும் சின்ன வயதிலேயே உருவாகி முடிந்துவிடும், சேதமானால் பழையபடி அமைவதில்லை. உறுதி கொடுக்கும் கொலாஜனும் வயதோடு குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடத்திலேயே அதில் சுமார் 30 சதவீதம் போய்விடுகிறது. இருபது வயதில் இளைப்பவருக்குத் தோல் ஓரளவு ஒட்டிக்கொள்வதும் நமக்கு ஒட்டாததும் இதனால்தான். க்ரீம், எண்ணெய், காபித்தூள் பற்று எல்லாம் மேல்தோலோடு நின்றுவிடும். எடைப் பயிற்சி செய்தால் கையில் தசை ஏறிக் கொஞ்சம் நிரவும், தோல் குறையாது.

ஆபரேஷனும் விளையாட்டு இல்லை என்று அவரே சொன்னார். அடிவயிற்றில் ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை வெட்டுத் தழும்பு நிரந்தரம். நீர் கோத்துக்கொள்ளலாம், தொற்று வரலாம், காலில் ரத்தம் உறையலாம். எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், புகைப்பவர் பல வாரம் முன்பே நிறுத்த வேண்டும். அழகுக்கான அறுவை என்று இன்சூரன்சில் பொதுவாகக் கழித்துவிடுவார்கள். மதுரை பெரியாஸ்பத்திரியிலேயே பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது, வசதி இல்லாதவர்கள் முதலில் அங்கே போய்க் காட்டலாம்.

நான் இப்போதைக்கு வெட்டிக்கொள்ளவில்லை. குளித்ததும் மடிப்பை விரித்து மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி நன்றாகக் காயவிடுகிறேன், சிவந்தால் டாக்டர் எழுதிய பூஞ்சைக்கான பவுடர். நடக்கப் போகும்போது அடிவயிற்றைத் தாங்குகிற மாதிரி உயரமான இடுப்புள்ள இறுக்க உள்ளாடை. ரவிக்கைக்கு முழங்கை வரை கை. அரிப்பு முக்கால்வாசி இதிலேயே போய்விட்டது. செலவு சில நூறு ரூபாய்.

இனி புகார் விஷயம். முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே பதிந்ததும் கிளினிக்கிலிருந்து எனக்கு முதல்முறையாகப் பணிவாக ஒரு போன் வந்தது, பணம் வரவில்லை. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ‘ரீஃபண்ட் கிடையாது’ என்று அச்சடித்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறைபாடான சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் பில் தராததும் நியாயமற்ற வணிக நடைமுறைப் பட்டியலில் இருக்கின்றன. எனக்கு அவர்கள் தந்தது பில்லே இல்லை, பெயர் போட்ட பேக்கேஜ் அட்டை. கடன் தந்த நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்கு எண் 14448. கிளினிக் என்று போர்டு போட்டால் தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும். அந்தச் சான்றிதழ் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் போன இடத்தின் சுவரில் இருந்தது ‘பியூட்டி எக்ஸலன்ஸ்’ விருதுகள் மட்டும். இணை இயக்குநர், மருத்துவப் பணிகள் அலுவலகத்துக்கும் ஒரு மனு போட்டிருக்கிறேன்.

இந்நேரம் இப்படி ஒரு இடத்தில் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள், சண்டை போடுவதற்கு முன் வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். புது மெசேஜாக இருந்தால் அவர்களே ‘அனைவருக்கும் நீக்கு’ போட்டு நம் போனிலிருந்தும் அழித்துவிடலாம். எனக்கு வந்த கேரண்டி மெசேஜ் பழையது என்பதால் அப்படி அழிக்க முடியாது, அதனால்தான் அது இன்று என் மனுவோடு இணைப்பாக இருக்கிறது.