பேட்டரியா, ஹைட்ரஜனா?
மின்சாரக் கார்தான் என்று முடிவான பிறகும் பேட்டரியா, ஹைட்ரஜனா என்று பலருக்கு இழுபறி. 2007-இல் ஃபோர்டு காட்டிய எட்ஜ் ஹைசீரிஸ் மாதிரிக் கார் இரண்டையுமே சுமந்தது: முதல் 40 கிலோமீட்டர் பேட்டரியில், சார்ஜ் இறங்கியதும் எரிபொருள் கலம் (ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் கருவி) மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு ஊட்டும்.

செலவு
பேட்டரி: ஏற்றிய மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு சக்கரத்துக்கு வந்துவிடும்.
ஹைட்ரஜன்: நீரைப் பிரித்து, அழுத்தி, கொண்டுபோய், மறுபடி மின்சாரமாக்குவதற்குள் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினாலே பெரிது.

நிரப்புதல்
பேட்டரி: வேக சார்ஜரிலும் பெரும்பாலும் 20, 30 நிமிடம். ஆனால் இரவில் செருகிவிட்டுத் தூங்கலாம்.
ஹைட்ரஜன்: ஐந்தே நிமிடம். வாயுவை மைனஸ் 40 டிகிரி வரை குளிர்வித்து 700 பார் அழுத்தத்தில் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 700 மடங்கு) ஏற்றுவதால், குழாய் முனையில் பனி பூத்து காரோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. பங்க் கிடைப்பதே அபூர்வம் என்பது தனிக்கதை.

உழைப்பு
பேட்டரியின் கொள்ளளவு மெல்லக் குறையும். கலத்துக்கு அசுத்தமான வாயு ஆகவே ஆகாது.

அன்றாட ஓட்டத்துக்குப் பேட்டரி, யோசிக்கவே வேண்டாம். நெடுந்தூரம் பாரம் இழுக்கும் லாரிக்கு, டெப்போவிலேயே ஹைட்ரஜன் கிடைக்குமானால், கலத்தைப் பார்க்கலாம். இரண்டும் சேர்ந்த கார்? ரசிப்பேன், இரண்டின் எடையையும் விலையையும் தலையில் கட்டிக்கொள்ள மாட்டேன்.